மளிகைக் கடையில் பீர்: தடை வேண்டாம், வரம்பு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்குகளின் கீழே உள்ள மளிகைக் கடைகளில் பீர் விற்பனையை அடியோடு நிறுத்த வேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள். கடை வாசலிலேயே கூட்டமாக நின்று குடிக்கிறார்கள் என்று அவர்கள் சொல்லும் தொல்லை உண்மை. ஆனால் தடை போட்டால் அது தீராது. கடை எதை, எப்படி விற்கிறது என்பதில்தான் கை வைக்க வேண்டும்.

2015ல் நடப்புக்கு வந்த மதுபானக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ் 3பி உரிமம் பீருக்கு மட்டும். விஸ்கி, பிராந்தி என எல்லா மதுவுக்கும் 3ஏ. இரண்டிலும் வாங்கிக்கொண்டு போகத்தான் அனுமதி, அதுவும் காலை 7 முதல் இரவு 10.30 வரை. அரிசி, பருப்பு, முட்டை விற்கும் கடைக்கு 3பி தாராளமாகப் போதும். சுவர் முழுக்கப் பிராந்திப் புட்டி அடுக்கிவிட்டு வாசலில் நாலு மூட்டை அரிசி வைத்தால் அது மளிகைக் கடை ஆகிவிடாது. புளோக்கின் கீழுள்ள கடைகளுக்கு இனி 3ஏ தர வேண்டாம் என்பது என் கருத்து.

பீரிலும் எல்லாம் ஒன்றல்ல. ஆறு டின் கட்டு வாங்குபவர் வீட்டுக்கு எடுத்துப் போகிறார். குளிர்ந்த ஒற்றை டின்னை எடுப்பவர்தான் வாசலிலேயே திறக்கிறார். அதிலும் 500 மில்லி, 8 விழுக்காடு டின் ஒன்றில் 40 மில்லி ஆல்கஹால் இருக்கிறது. 330 மில்லி, 5 விழுக்காடு டின்னில் 16.5 மில்லிதான். ஆனால் 3பி உரிமத்துக்கு இரண்டுமே வெறும் பீர். கடும் பீரைக் குளிர்பெட்டியில் வைக்காமல், ஒற்றை டின்னாக விற்காமல் இருந்தாலே வாசல் கூட்டம் பெரிதும் குறையும். இதை உரிம நிபந்தனையாகவே சேர்க்கலாம்.

லிட்டில் இந்தியா, கேலாங் மதுக் கட்டுப்பாட்டு வட்டாரங்களில் வார இறுதியில் பொது இடத்தில் குடிக்கவே தடை. மற்ற பேட்டைகளில் இரவு 10.30 வரை அது குற்றமில்லை. அதனால்தான் கடைக்காரரின் பொறுப்பு கூடுகிறது. நாற்காலி போட்டு, ஐஸ் போட்ட கப்பும் கொடுத்தால் அது அங்கேயே குடிக்க விற்பது. அதற்கு 2ஏ, 2பி போன்ற, அங்கேயே குடிக்க விற்க அனுமதிக்கும் உரிமம் எடுத்திருக்க வேண்டும்.

நேர விஷயத்தில் தவறு நடப்பது கல்லாவில்தான். 10.25க்கு வரிசையில் நின்றவருக்கு 10.32க்கு ரசீது அடித்தால் அது நேரம் கடந்த விற்பனை. அபராதம் 10,000 வெள்ளி வரை போகலாம். "முன்பே வந்துவிட்டேனே" என்று வாடிக்கையாளர் சண்டை பிடிப்பார், தனியாக நிற்கும் காசாளர் விட்டுக்கொடுத்துவிடுவார். 10.20க்கே குளிர்பெட்டியைப் பூட்டிவிட்டால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. கணினிக் கல்லா உள்ள கடைகள் 10.30க்குப் பிறகு பீர் பார்கோடை ஏற்காதபடி அமைத்துக்கொள்ளலாம்.

18 வயதுக்குக் கீழ் உள்ளவருக்கு விற்றாலும் அதே 10,000 வெள்ளி வரைதான். "அப்பா வாங்கிவரச் சொன்னார்" என்று பள்ளிச் சட்டையோடு வரும் பையனிடம், அப்பா எதிர் புளோக்கில் இருப்பது தெரிந்தாலும் கொடுக்கக் கூடாது. பெரியவர் போலத் தோன்றினாலும் சந்தேகம் வந்தால் அடையாள அட்டையைக் கேளுங்கள். பிறந்த தேதி முன்பக்கத்திலேயே இருக்கிறது. பார்த்துவிட்டு உடனே திருப்பித் தர வேண்டும். எண்ணைக் குறித்துக்கொள்வதும் படம் எடுப்பதும் தேவையில்லாத வேலை. சரியாகப் 18 ஆண்டுக்கு முந்தைய தேதியைத் தினமும் கல்லாவில் எழுதி ஒட்டினால், கணக்குப் போடத் தடுமாறும் புதிய ஊழியரும் தைரியமாக மறுப்பார்.

உரிமத்தைப் புதுப்பிக்கும்போது அதிகாரிகள் விண்ணப்பத்தை மட்டும் பார்க்காமல், ஒரு சனிக்கிழமை இரவு 9 மணிக்குக் கடை வாசலை வந்து பார்க்க வேண்டும். வாசல் சரியாக இருக்கும் கடைக்குப் புதுப்பித்துக் கொடுங்கள். இல்லாத கடை பீரை விட்டுவிட்டுப் பருப்பு மட்டும் விற்கட்டும்.

இப்படிக்கு,
வாசகர், ஈசூன்