வானியல் மன்றம்: செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கு இது தபாலில் போகும்.

செயற்குழு நான்கு முறை கூடியது. அறிவியல் நாளன்று தக்கலையில் வினாடிவினா நடந்தது. ஜனவரி நடுவில் முட்டம் கடற்கரையில் வான்நோக்கல் நடந்தது. சிரியஸ் நட்சத்திரத்தின் துணையான வெண்குள்ளனை, அதாவது எரிபொருள் தீர்ந்து சுருங்கிய நட்சத்திரத்தை, பலர் கேட்டார்கள். சிரியஸ் அதைவிடப் பத்தாயிரம் மடங்கு பிரகாசம்; நம் 8 அங்குலக் கருவியில் அந்தக் கூச்சமே துணையை விழுங்கிவிடும். ஆகவே இரவு ஒன்பது மணிக்கு 74 பாகை உயரத்தில் நின்ற 40 எரிடானி நட்சத்திரத்தின் துணையான வெண்குள்ளனைக் காட்டினோம். திரும்பியதும் யாரோ தொலைநோக்கியின் ஆடியைத் துணியால் துடைத்திருக்கிறார்கள். உப்புப் படிந்த ஆடியைத் துடைத்தால் அலுமினியப் பூச்சு கீறும். வாலைவடிநீர் (டிஸ்டில்டு வாட்டர்) ஊற்றி, சாய்த்துவைத்துக் காயவிட வேண்டும். யார் என்று நான் கேட்கவில்லை, கீறல் இருக்கிறது.

இனி, வீண்வேலை என்று சிலர் சொன்ன பயிற்சி. அக்டோபர் 19 வானியற்பியலாளர் சந்திரசேகர் பிறந்தநாளில் வருடாவருடம் என்ன பேசுகிறோம்? 1930இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார், 1935இல் வானியலாளர் எடிங்டன் அவர் கண்ட வரம்பை எதிர்த்தார், 1983இல் நோபல் வந்தது. கப்பலில் வெண்குள்ளனின் நிறைக்கு என்ன கணக்குப் போட்டார் என்று ஒருவரும் கேட்பதில்லை. இம்முறை அதையே எக்செல்லில் போட்டோம்.

நட்சத்திரத்தின் மையத்திலிருந்து வெளியே அடர்த்தி எப்படிக் குறைகிறது என்று சொல்வது லேன்–எம்டன் சமன்பாடு. அதற்கு எக்செல்லில் மூன்று பத்தி போதும்: ஆரம், தீட்டா (அடர்த்தியைக் குறிக்கும் எண்), தீட்டாவின் சரிவு. ஆரம் பூஜ்யத்தில் தொடங்கினால் வகுத்தல் பிழை காட்டும். எனவே ஆரம் 0.1, தீட்டா 0.99833, சரிவு கழித்தல் 0.0333 என்று தொடங்கி, 0.01 படியாக இறங்க வேண்டும். அவசரத்தில் படியை 0.1 ஆக்கியவர்களுக்கு நட்சத்திரத்தின் விளிம்பு தள்ளிப்போனது. சமன்பாட்டில் தீட்டாவின் அடுக்கு 1.5 என்றால் தீட்டா எதிர்மறையானதும் பிழை காட்டி நின்றுவிடும். அடுக்கு 3இல் நிற்காது. எதிர்மறை எண்ணின் மும்மடியும் எண்தானே! பாதிப்பேர் விளிம்பைத் தாண்டி நட்சத்திரத்துக்கு வெளியே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். தீட்டா பூஜ்யமாகும் இடம் 6.897, அங்கே ஆரத்தின் வர்க்கத்தைச் சரிவால் பெருக்கினால், குறியை விட்டு, 2.018. நிறைச் சூத்திரத்துக்கு வேண்டியது இந்த எண்.

வெண்குள்ளனுக்குள் எலக்ட்ரான்கள் ஒளிவேகத்தை நெருங்கினால் அடுக்கு 3. அப்போது நிறைச் சூத்திரத்தில் மைய அடர்த்தி அடிபட்டுப் போகிறது; எவ்வளவு நெருக்கினாலும் நிறை ஒன்றே. மாறிலிகளெல்லாம் சேர்ந்து தரும் 5.83ஐ, ஓர் எலக்ட்ரானுக்குரிய அணுக்கருத் துகள் எண்ணிக்கையின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். 2 என்றால் 1.46 சூரிய நிறை. 1931 கட்டுரையில் சந்திரசேகர் 2.5 என்று கொண்டார்; நம் சூத்திரத்தில் அது 0.93, அவருக்கு 0.91 வந்தது. வெண்குள்ளனின் நிறை வரம்பு 1.4 என்று மனப்பாடம் செய்தவர்கள் அன்று திகைத்தார்கள்.

பயிற்சி நான்கு ஞாயிறு நடந்தது. முதல் வாரம் நாற்காலி போதவில்லை. கடைசி வாரம் நானும் பள்ளிப் பிள்ளைகள் ஆறு பேரும். சந்திரசேகர் 1952 முதல் 1971 வரை ஓர் ஆய்விதழைத் தாமே கவனித்தவர். நம் கையெழுத்து இதழ் இந்த ஆண்டு ஒருமுறைகூட வரவில்லை.

வரவுசெலவைப் பொருளாளர் வாசிப்பார். இருப்பு இருக்கிறது, பெரிதாக இல்லை. சந்தா பாக்கிப் பட்டியல் இரண்டாம் பக்கத்துக்கும் போய்விட்டதால் வாசிக்கவில்லை. இடம் தந்த பள்ளிக்கும் தேநீர் செலவை ஏற்ற நண்பருக்கும் நன்றி.

வரும் ஆண்டு ஆடிக்குப் புதுப் பூச்சு போட வேண்டும். பொறுப்பை வேறு யாரேனும் ஏற்றால் எனக்கு வருத்தமில்லை. எக்செல் கோப்பு பென்டிரைவில் இருக்கிறது. சந்தா கட்ட வருகிறவர்கள் கேட்டால் அங்கேயே பிரதி எடுத்துத் தருகிறேன்.

செயலாளர்