வாடி நிக்கிற நாத்த வச்சுக்கவா, பிடுங்கிப் போடவா? மாடியில தோட்டம் போடுற தம்பிக்கு

தம்பி,

நீ அனுப்பின போட்டோவ பெருசாக்கி பெருசாக்கி பாத்தேன். எல்லாத்தையும் கொட்டிட்டு புதுசா விதைக்கவா, இல்ல இன்னும் ஒரு வாரம் பாக்கவான்னு கேட்டிருந்த. மொத்தத்துக்கும் ஒரே பதில் சொல்ல முடியாதுப்பா, உன் குழித்தட்டுல வாடி நிக்கிறது எல்லாத்துக்கும் ஒரே கோளாறு இல்ல, ஒவ்வொண்ணா பாக்கணும்.

முதல்ல அந்த மூலையில சாஞ்சு கிடக்குற தக்காளி. தண்டு மண்ணத் தொடுற இடத்துல தண்ணி கோத்த மாதிரி ஆகி மெலிஞ்சு போயிருக்குல்ல, அது நாத்தழுகல். பித்தியம் மாதிரி கிருமிங்க ஈரம் நிக்கிற இடத்துல செய்யுற வேலை. விழுந்தது எந்திரிக்கவே எந்திரிக்காது, அதுக்கு குச்சி கட்டி நிறுத்தாத, இன்னைக்கே அந்த குழியில இருக்குற கலவையோட சேத்து எடுத்து குப்பையில போடு, உரக்குழியில போடாத, ஏன்னா அங்கிருந்து திரும்ப உன் தொட்டிக்கே வந்துரும். மிச்சம் இருக்குறதுக்கு மேலாப்புல காஞ்ச பிறகு மட்டும் காலைல தண்ணி விடு, ராத்திரி முழுக்க ஈரமா நிக்க விடாத. அடுத்த தடவ விதைக்கும்போது டிரைக்கோடெர்மா விரிடி, அதாவது அழுகல் கிருமிய அடக்குற நல்ல பூஞ்சைத் தூள், விதையோட கலந்துக்கோ, கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்துல கிலோ விதைக்கு 4 கிராம்னு சொல்றாங்க, உன் சின்ன பாக்கெட்டுக்கு ஒரு சிட்டிகையே தாராளம்.

இன்னொரு தக்காளி நெடுநெடுன்னு வளந்து தல தொங்கிக்கிட்டு நிக்குதே, அதப் பிடுங்கிறாத தம்பி. அதுக்கு நோயே இல்ல, வெளிச்சம் பத்தல அவ்ளோதான். காலை வெயில்ல கொஞ்ச நேரம் வச்சு பழக்கி, நடும்போது தண்ட மேல இலை வரைக்கும் மண்ணுக்குள்ள இறக்கி நடு, தக்காளிக்கு புதைஞ்ச தண்டுல இருந்தே வேர் விடும். இந்த வேலைய மிளகாய்க்கும் கத்தரிக்கும் செய்யாத, அதுங்க தக்காளி மாதிரி தண்டுல சுலபமா வேர் பிடிக்காது.

மஞ்சளா போச்சுன்னு நீ பயந்த கத்தரி எனக்கு நல்லாவே இருக்குற மாதிரிதான் தெரியுது. கீழ இருக்குற வித்திலை, அதான் முளைக்கும்போது முதல்ல வர்ற இலை, பழுத்து உதிர்றது இயல்பு. நடுக்குருத்து பச்சையா வருதான்னு பாரு, புது இலை பழசவிட பெருசா வருதுன்னா அது பொழச்சுக்கும், நாத்த பாக்குறப்ப நான் முதல்ல பாக்குறதே குருத்ததான். நீ வெறும் தென்னைநார் கழிவுலயே போட்டிருக்க, அதுல சத்துன்னு பெருசா ஒண்ணும் கிடையாது, ரெண்டு நிஜ இலை வந்த பிறகு பசிக்க ஆரம்பிச்சுரும், கொஞ்சம் மண்புழு உரம் தூவி விடு.

மனசு கஷ்டப்படுறது மிளகாய்லதான். அது ராமநாதபுரம் முண்டுங்குறதால உனக்கு விட மனசு வரல, புரியுது, 2023ல புவிசார் குறியீடு வாங்கின ரகம், எனக்கும் அதுமேல தனி பிரியம் உண்டு. இலை மேல்பக்கமா சுருண்டா பெரும்பாலும் இலைப்பேன், கீழ்பக்கமா சுருண்டா சிலந்திப்பேன், ரெண்டுக்கும் வேப்பெண்ணெய சோப்புத் தண்ணியில கலக்கி இலைக்கு அடியில படுற மாதிரி சாயங்காலம் அடிச்சு பாக்கலாம், வச்சுக்கலாம். ஆனா குருத்தே சிறுத்துப்போய், இலை மஞ்சளும் பச்சையுமா திட்டுத்திட்டா நெளிஞ்சு வந்து, தட்ட தட்டினா வெள்ளை ஈ பறந்துச்சுன்னா அது வைரஸா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம், அதுக்கு மருந்தே கிடையாது. இதுல மட்டும் இரக்கம் பாக்காத. அந்த ஒரு செடிய நீ வச்சுக்கிட்டா, ஈ அதுல சாறு உறிஞ்சிட்டு பக்கத்துல நல்லா இருக்குற செடியில போய் உக்காரும், ஒண்ணக் காப்பாத்தப் போய் மாடியில இருக்குற மொத்த மிளகாயும் போயிரும்.

விதை தீந்துருச்சுன்னு சொன்ன. வீட்டுல முண்டு வத்தல் இருக்கும்ல, புதுசா வாங்கினதா, வறுக்காததா இருந்தா அதுல இருக்குற விதையே முளைக்கும்.

இன்னொண்ணு, வச்சுக்கிறதா வேணாமான்னு முடிவு பண்ற வரைக்கும் கைய கட்டிக்கிட்டு இருக்காத. இன்னைக்கே வேற தட்டுல, புது கலவையில, கொஞ்சம் விதைச்சு தள்ளி வச்சுரு. தக்காளி 25 நாள்ல நடவுக்கு வந்துரும், மிளகாய்க்கு 40 நாளுக்கு மேல ஆகும், நீ ரெண்டு வாரம் பாத்துட்டு அப்புறம் மிளகாய் விதைச்சா ஆடிப்பட்டமே தாண்டிப் போயிரும். பழசு தேறிருச்சுன்னா சந்தோஷம், மிஞ்சின நாத்த பக்கத்து வீட்டுக்கு குடு.

மிளகாய் இலைய திருப்பி அடிப்பக்கத்த கிட்டக்க ஒரு போட்டோ எடுத்து அனுப்பு, வெயில்ல வச்சு எடு, நீ அனுப்பினதுல நிழல் விழுந்து ஒண்ணும் சரியா தெரியல. அதப் பாத்துட்டு சொல்றேன், அதுவரைக்கும் அந்த தட்ட மத்ததுல இருந்து தள்ளி வை.

அன்புடன்,
அக்கா