செயலாளரின் ஆண்டறிக்கை: டியூடர் தலையணி ஆண்டு

தலைவர் அவர்களுக்கும், வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நமது உடைத் தையல் சங்கத்தின் மாதக் கூட்டங்கள் இந்த ஆண்டும் தவறாமல் நடந்தன. கோடையில் போர்ட்ஸ்மத் போய் எட்டாம் ஹென்றியின் மூழ்கிப்போன போர்க்கப்பலான மேரி ரோஸின் அருங்காட்சியகம் பார்த்து வந்தோம். துணிச் சந்தையில் கடை போட்டோம்.

இனி தலையணிகள், அதாவது டியூடர் வம்சம் ஆண்ட பதினாறாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அணிந்தவை. எட்டாம் ஹென்றி வாழ்ந்த ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனைக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு, மாதக்கணக்கில் கவுன் தைத்துவிட்டு, தலைக்கு மட்டும் ஹேர்பேண்டில் முத்து ஒட்டி மாட்டிக்கொண்டு வருவதை என்னால் ஏற்க முடியவில்லை. அதனால்தான் கேபிள் ஹூட் (gable hood) என்ற ஆங்கிலப் பாணித் தலையணியைத் தைக்கும் திட்டத்தை முன்மொழிந்தேன். வளைவாக அமரும், பார்க்க அழகான பிரெஞ்சு ஹூட் இருக்க, கூரை முகப்பு மாதிரி உச்சியில் கூராக நிற்கும் இது எதற்கு என்று செயற்குழுவில் கேட்டார்கள். 1537இல் எட்டாம் ஹென்றியின் மனைவியான அரசி ஜேன் சீமோரிடம் பணிப்பெண்ணாகச் சேர்ந்த ஆன் பாசெட்டும் பிரெஞ்சு ஹூட்டை விட்டு ஆங்கிலப் பாணித் தலையணிக்கு மாற வேண்டியிருந்தது. பிரெஞ்சு ஹூட்தான் அவளுக்கு எடுப்பாக இருந்தது என்று அக்காலக் கடிதமே சொல்கிறது. நமக்கு எது பொருந்துகிறது என்பதைவிட அவர்கள் எதை அணிந்தார்கள் என்பதே நம் வேலைக்கு அளவுகோல்.

வியன்னாவில் இருக்கும், அக்கால அரசவை ஓவியர் ஹோல்பைனின் ஜேன் சீமோர் ஓவியத்தைப் பார்த்து முன்பக்கத்தை அமைத்தோம். பின்பக்கத்துக்கு, பிரிட்டிஷ் மியூசியத்தில் உள்ள அவரது இன்னொரு படம் கைகொடுத்தது. அதில் ஒரு பெண்ணை முன்னும் பின்னுமாக வரைந்திருக்கிறார். அடியில் வெள்ளை லினன் குல்லாய், நெற்றியில் முடியை மறைக்கும் கோடு போட்ட பட்டு, அதன்மேல் பக்ரம் என்ற விறைப்பான துணியும் கம்பியும் வைத்த சட்டம், பின்னால் கறுப்பு வெல்வெட். காதோரப் பட்டைகள் 1500 வாக்கில் மார்பு வரை தொங்கின. 1530களில் மேலே மடித்துக் குண்டூசி குத்தினார்கள். எல்லாவற்றையும் பிடித்து நிறுத்துவது குண்டூசிகள்தான். பசை வேண்டாம் என்று நான் திரும்பத் திரும்பச் சொன்னது இதனால்தான்.

ஆண் உறுப்பினர்கள் கம்பளித் தொப்பி பின்னினார்கள். 1571ஆம் ஆண்டுச் சட்டப்படி சாதாரண மக்கள் ஞாயிறுதோறும் அணிய வேண்டியிருந்த தொப்பி அது. பின்னியதை வெந்நீரில் தோய்த்துத் தேய்த்து இறுக்கியதில் நன்றாகவே வந்தது.

சரி, வருத்தத்தையும் பதிவு செய்தாக வேண்டும். பக்ரமும் கம்பியும் சங்கப் பணத்தில் வாங்கினோம். ஆர்வமாக வாங்கிப் போனவர்களில் பாதிப் பேர் அப்புறம் பயிற்சிக்கே வரவில்லை. பொருளும் திரும்பவில்லை. அவர்களில் சிலர் சந்தாவும் கட்டவில்லை. நினைவூட்டல் அனுப்பினால் பதில் இல்லை. முடித்தவர்களின் ஹூட்கள் இந்த மேசையில் இருக்கின்றன. தயவுசெய்து கையில் எடுத்துப் பாருங்கள்.

கணக்கைப் பொருளாளர் சமர்ப்பிப்பார். வரவும் செலவும் ஏறக்குறைய சமம். வெல்வெட்டுக்குக் கூடுதலாகச் செலவானது. அரங்கம் தந்தவர்களுக்கும், தேநீர் பார்த்துக்கொண்ட சகோதரிகளுக்கும், தணிக்கையாளருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு பிரெஞ்சு ஹூட்டையே எடுக்கலாம், பின்னால் விழும் கறுப்புத் துணியோடு, முறையாக. வெட்டுத்தாள்கள் என்னிடம் தயாராக இருக்கின்றன. துணி வாங்கப் பணம் வேண்டும். பயிற்சிக்கு ஆட்கள் வேண்டும். பழைய சந்தா இம்மாத இறுதிக்குள் வந்துவிட்டால் இப்பொறுப்பில் தொடர எனக்கு மனம் இருக்கிறது. மீதமான பக்ரத்தை வைத்திருப்பவர்கள் அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவரலாம். ஏன் முடிக்கவில்லை என்று யாரும் கேட்கமாட்டோம்.

செயலாளர்