நமக்கு வேண்டியது ஆர்மோனியம் மட்டுமில்லை, இரண்டு வருடத்துக்கு ஒரு ஆசிரியை

தேயிலைத் தோட்டத்தில் பிறந்து இப்போது கொழும்பிலும் கட்டாரிலும் கனடாவிலும் வேலை செய்கிற அண்ணன் அக்காமாருக்கு, 1964 இந்திய இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு தமிழ்நாட்டில் கோத்தகிரி, கூடலூர் பக்கம் போய்ச் சேர்ந்த சொந்தங்களின் பிள்ளைகளுக்கு, இன்னும் இங்கேயே மேல் டிவிசனிலும் கீழ் டிவிசனிலும் இருக்கிற எல்லோருக்கும் வணக்கம். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறோம், இது காசு கேட்கிற கடிதம்.

நோர்வூட்டில் இருந்து பொகவந்தலாவைக்குப் போகிற வீதியில் இருக்கும் நமது தோட்டப் பாடசாலையில், தரம் 3 முதல் தரம் 9 வரையான பிள்ளைகளுக்கு ஒரு இசை வகுப்புத் தொடங்கப் போகிறோம். பெயர் கொடுத்திருப்பவர்கள் நாற்பது பேருக்குக் கிட்ட. பெற்றோர், பழைய மாணவர்கள், மாதர் சங்கத்து அக்காமார் இரண்டு பேர், கோயில் கமிட்டியில் இருந்து ஒருவர் என்று சேர்ந்த கமிட்டி இது. மண்டபத்துச் சாவியைத் தர அதிபர் சம்மதித்துவிட்டார். கோயில் மண்டபம் இதைவிடப் பெரிசுதான், ஆனாலும் கிறிஸ்தவ வீட்டுப் பிள்ளைகளும் முஸ்லிம் வீட்டுப் பிள்ளைகளும் கூச்சமில்லாமல் வந்து உட்கார வேண்டும் என்பதால் பாடசாலையே சரி என்று முடிவாயிற்று.

கூட்டத்தில் முதலில் எழுந்த கேள்வியையே முதலில் எடுப்போம். "கணக்குக்கும் விஞ்ஞானத்துக்குமே வாத்தியார் போதவில்லை, இதில் பாட்டு வகுப்பு வேறயா?" என்று ஒரு அப்பா கேட்டார். நியாயமான கேள்வி. தோட்டத்தில் பிள்ளை தரம் 4 முடித்ததும் புலமைப்பரிசில் பரீட்சை என்று எல்லாவற்றையும் நிறுத்திவிடுகிறோம், விளையாட்டு நிற்கிறது, கோயிலில் தேவாரம் பாடப் போவதும் நிற்கிறது, "பரீட்சை முடியட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்கிறோம், அந்த அப்புறம் வரும்போது சாதாரண தரப் பரீட்சை வந்து நிற்கிறது. சங்கீதம் படித்தால் மூளை வளரும், கணக்கில் நூறு எடுக்கும் என்று சொல்லிக் காசு சேர்ப்பது எங்களுக்கும் சுலபம்தான். அப்படிச் சொல்லப் போவதில்லை.

மோசார்ட் இசையைப் போட்டுக் கேட்டால் குழந்தை கெட்டிக்காரன் ஆகும் என்று ஒரு கதை உலகம் முழுக்க ஓடியது ஞாபகம் இருக்கும். அதன் மூலம் 1993 இல் நேச்சர் சஞ்சிகையில் வந்த ஒரு சின்ன ஆய்வு. அதில் இருந்தவர்கள் குழந்தைகளே இல்லை, கல்லூரி மாணவர்கள். பத்து நிமிடம் இசை கேட்ட பிறகு ஒரு வகைப் புதிரில் கொஞ்சம் கூடச் செய்தார்கள், அந்தத் திறமை கால் மணி நேரத்தில் போயும்விட்டது. அதை வைத்துக்கொண்டு 1998 இல் அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநில ஆளுநர் பிறக்கிற குழந்தைகளுக்கெல்லாம் இசைத்தட்டுக் கொடுக்கக் காசு கேட்டார். ஆகவே சும்மா கேட்பதால் ஒன்றும் நடந்துவிடாது, நம் லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) காலையில் இருந்து இரவு வரை பாட்டு அலறிக்கொண்டுதான் இருக்கிறது.

படிப்பதில் கதை வேறு. 2004 இல் கனடாவில் ஷெல்லன்பர்க் என்ற உளவியல் பேராசிரியர் ஆறு வயதுப் பிள்ளைகள் 144 பேரை நான்காகப் பிரித்து, ஒரு கூட்டத்துக்கு கீபோர்ட், ஒரு கூட்டத்துக்குப் பாட்டு, ஒரு கூட்டத்துக்கு நாடகம், கடைசிக் கூட்டத்துக்கு ஒன்றுமில்லை என்று ஒரு வருடம் நடத்தினார். எல்லோருக்குமே நுண்ணறிவுப் புள்ளி ஏறியது, முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போகிற வயது அல்லவா. இசை படித்தவர்களுக்கு 7 புள்ளி, மற்றவர்களுக்கு 4 புள்ளி சொச்சம். வித்தியாசம் சின்னது, ஆனால் இருந்தது. (நாடகம் படித்த பிள்ளைகள் மற்றவர்களோடு பழகுவதில் முன்னேறினார்கள் என்றும் அதிலேயே இருக்கிறது. மன்மதன் கதையை ஆடுகிற காமன் கூத்தில் வேசம் கட்டுகிற நமது பொடியன்களைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது.) 2019 இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட மாணவர்களின் பெறுபேறுகளை வைத்துப் பார்த்தபோது, பாடசாலையில் இசை எடுத்தவர்கள், அதிலும் வாத்தியம் வாசித்தவர்கள், ஆங்கிலத்திலும் கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் முன்னுக்கு இருந்தார்கள்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அடுத்த வருடமே, 2020 இல், சாலா, கோபே என்ற இருவர் 54 ஆய்வுகளை, கிட்டத்தட்ட ஏழாயிரம் பிள்ளைகளின் கணக்கை, ஒன்றாகப் போட்டு அலசினார்கள். எவ்வளவுக்கெவ்வளவு ஆய்வு ஒழுங்காக நடத்தப்பட்டிருக்கிறதோ அவ்வளவுக்கவ்வளவு இசையால் வரும் பலன் குறைந்து, கடைசியில் ஏறக்குறைய ஒன்றுமில்லை என்று வந்தது. கெட்டிக்காரப் பிள்ளைகளும் வசதியான வீட்டுப் பிள்ளைகளும்தான் இசை வகுப்புக்கு அதிகம் போகிறார்கள் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். எனவே கணக்குப் புள்ளிக்கு நாங்கள் உத்தரவாதம் தரமாட்டோம்.

அப்படியானால் எதற்குக் கேட்கிறோம்? லொஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தின் ஏழைப் பகுதிகளில் இலவச இசை வகுப்புக்குப் போன ஆறு முதல் ஒன்பது வயதுப் பிள்ளைகளை நீனா கிராவுஸ் என்ற அமெரிக்க நரம்பியல் ஆய்வாளரின் குழு தொடர்ந்து கவனித்து 2014 இல் எழுதிய முடிவுதான் எங்கள் கமிட்டியை அதிகம் யோசிக்க வைத்தது. 'பா', 'கா' போல நெருங்கி ஒலிக்கிற எழுத்துக்களைப் பிள்ளையின் மூளை எவ்வளவு துல்லியமாகப் பிரிக்கிறது என்று அளந்தார்கள். ஒரு வருடம் படித்த பிறகு ஒரு மாற்றமும் இல்லை. இரண்டு வருடம் படித்த பிறகுதான் மாற்றம் தெரிந்தது. எழுத்தின் ஒலியைப் பிரித்துக் கேட்பது வாசிப்புக்கு அத்திவாரம். சொல்வதெழுதலில் மலையும் மழையும் மாறிப்போகிற பிள்ளைகளைத் தரம் 5 ஆசிரியர்களிடம் கேட்டுப் பாருங்கள். நமது எழுத்தில் குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை, அதாவது தமிழை வாசிப்பதே கொஞ்சம் தாளக் கணக்குத்தான்.

அந்த ஆய்வில் இருந்தவர்கள் 44 பிள்ளைகள்தான், அதை வைத்து உலகத்தை அளக்க முடியாது. ஆனால் ஒரு வருடம், இரண்டு வருடம் என்கிற அந்த வித்தியாசம் நமக்கு முக்கியம். ஏனென்றால் தோட்டத்துக்கு வருகிற உதவி பெரும்பாலும் ஒரு நாள் உதவி. வேன் வரும், பேனர் கட்டுவார்கள், வாத்தியத்தைக் கையில் கொடுத்துப் படம் எடுப்பார்கள், வடையும் தேத்தண்ணியும் கொடுத்து அனுப்புவோம். எந்தப் பாடசாலை, யார் கொடுத்தது என்றெல்லாம் சொல்ல மாட்டோம், ஆனால் கீபோர்ட் மூன்று வந்து, வாசிக்கச் சொல்லித்தர ஆளில்லாமல், அடாப்டரும் தொலைந்து, அலுமாரிக்குள் எலி கடித்துக் கிடந்ததை எங்களில் பலர் பார்த்திருக்கிறோம். கொடுத்தவர் மனசில் குறை இல்லை. ஆசிரியர் வருவாரா என்று ஒருவரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

வாத்தியம் நமது மலையில் சும்மா இருந்தாலே கெட்டுப்போகும், அதையும் கணக்கில் எடுத்திருக்கிறோம். ஆனி ஆடி மழையில் துணியே காயாது, மிருதங்கத்துத் தோல் எப்படித் தாங்கும்? வார் தளர்ந்து, வலது பக்கத் தோலில் இருக்கும் கறுப்புக் கரணை வெடித்து உதிரும், வயலின் ஒட்டு விடும், ஆர்மோனிய ரீட் துருப்பிடிக்கும். உள்ளே ஒரு பழைய குண்டு பல்ப் எரிகிற மர அலுமாரி செய்தால் இதில் பாதிப் பிரச்சினை தீரும் என்று மிருதங்க ஆசிரியர் சொன்னார். LED பல்ப் அவ்வளவாகச் சூடாகாது, பழைய மாதிரிதான் வேண்டும், யாரிடமாவது இருந்தால் எடுத்து வையுங்கள். அலுமாரி செய்யும் கூலியை ஏற்கெனவே கீழ் டிவிசன் ஆசாரி அண்ணன் வேண்டாம் என்றுவிட்டார், மரம் மட்டும்தான் செலவு.

வகுப்பில் என்ன நடக்கும்? ஹற்றனில் இருந்து ஒரு ஆசிரியை புதன் பின்னேரமும் சனி காலையும் வருவார், பாட்டும் வயலினும். மிருதங்கம் சனிக்கிழமை மட்டும். முதல் மூன்று மாதம் ஒருவர் கையிலும் வாத்தியம் கொடுக்கப் போவதில்லை, சரளி வரிசையும் (முதல் சுரப் பயிற்சி) கைத்தாளமும் வாயால் சொல்லும் தாளச் சொற்கட்டும்தான். ஆதி தாளத்தின் ஒரு சுற்றுக்கு, அதாவது ஒரு ஆவர்த்தனத்துக்கு, எட்டு அட்சரம் (எண்ணிக்கை), கையில் போட்டுக்கொண்டு வாயில் அட்சரத்துக்கு ஒரு எழுத்தாக தகிட, தகிட என்று சொல்லிக்கொண்டு போனால் முதல் சுற்றில் சமத்துக்கு, தாளம் தொடங்குகிற இடத்துக்கு, வராது, இரண்டாம் சுற்றிலும் வராது, மூன்று ஆவர்த்தனம் முடிகிற இடத்தில், எட்டாவது தகிட முடியும்போது, கையும் வாயும் ஒன்றாக வந்து விழும். மூன்றுக்கும் எட்டுக்கும் பொது மடங்குகளுட் சிறியது 24 என்று கணக்குப் புத்தகத்தில் வறட்சியாக இருப்பதை இங்கே பிள்ளை தானாகப் பிடிக்கும். தகதிமியை இரண்டாம் காலத்தில் (இரட்டை வேகத்தில்) சொல்லும்போது எழுத்துக்கு அரை அட்சரம், மூன்றாம் காலத்தில் கால். பின்னம் என்றால் பயந்து ஓடுகிற பிள்ளை இதற்குப் பயப்படுவதில்லை, சிரித்துக்கொண்டு போட்டி போடும். இதனால் பரீட்சையில் புள்ளி கூடுமா என்று மறுபடி கேட்காதீர்கள். தவறினால் அடி விழாது, திரும்ப முதலில் இருந்து தொடங்கலாம் என்பதைப் பிள்ளை ஒரு இடத்திலாவது பழகிக்கொள்கிறது என்பதே எங்களுக்குப் பெரிசு.

இன்னொன்று, இதில் கமிட்டிக்குள்ளேயே கொஞ்சம் வாக்குவாதம் நடந்தது. தப்பு என்கிற நமது பறை மேளமும் சேர வேண்டும் என்று ஒரு பகுதி, வேண்டாம் என்று ஒரு பகுதி. தப்பு என்றால் சாவு வீட்டுக்கு என்று முகம் சுழிக்கிறவர்கள் வெளியில் இல்லை, நம்மிடையேதான் இருக்கிறார்கள், அதற்குப் பின்னால் சாதி இருக்கிறது என்பதும் எல்லோருக்கும் தெரியும். விடியற்காலையில் பிரட்டுக்கு (வேலைக்கு ஆள் கணக்கெடுப்புக்கு) ஆள் எழுப்பியது தப்பு, மாசி மாதம் காமன் கூத்தை நடத்துவது தப்பு, திருவிழாவுக்கும் தப்பு, வகுப்பறைக்கு மட்டும் ஆகாதா? மாதம் ஒரு சனிக்கிழமை நமது தோட்டத்து மூத்த கலைஞர் ஒருவர் வந்து தப்பின் அடிகளைச் சொல்லித்தருவது, அவருக்கும் மற்ற ஆசிரியர்களுக்குக் கொடுக்கிற அதே கூலியைக் கொடுப்பது என்று முடிவாகிவிட்டது. இதில் உடன்பாடு இல்லாதவர்கள் காசு தராமல் இருக்கலாம், நாங்கள் மாற்றப் போவதில்லை.

புள்ளியைப் பற்றி நிச்சயமாகச் சொல்லக்கூடியது ஒன்று இருக்கிறது. இப்போதுள்ள முறையில் சாதாரண தரத்துக்கு ஒன்பது பாடம், அதில் ஒன்றாக அழகியல் பாடம் எடுக்கலாம், கர்நாடக சங்கீதம் அதில் இருக்கிறது. ஆசிரியர் இல்லாத பாடசாலையில் பிள்ளைக்கு எது பிடிக்கும் என்று கேட்பதில்லை, எதற்கு ஆள் இருக்கிறதோ அதுதான் பாடம். உயர் தரத்துக்குப் போக ஆறு பாடம் சித்தியாக வேண்டும், அதில் மூன்றுக்காவது திறமைச் சித்தி வேண்டும் என்கிற இடத்தில் சங்கீதத்தில் வருகிற ஒரு ஏ லேசான விசயமில்லை. உயர் தரத்திலும் அதை எடுத்தால் மட்டக்களப்பில் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகமும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இராமநாதன் பெயரில் இருக்கும் கலைப் பீடமும் பட்டப் படிப்புக்கு இருக்கின்றன. அங்கே போய்ப் படித்துத் திரும்பி வருகிற ஒருவர் அடுத்த பாடசாலைக்கு ஆசிரியராக வருவார், வெளியில் இருந்து ஆள் தேடுகிற வேலை அப்போதுதான் குறையும்.

சரி, காசுக்கு வருவோம். வகுப்பு ஒன்றுக்கு ஆசிரியருக்கு 3,000 ரூபாய், பஸ் காசும் அதற்குள்ளேயே. பாட்டு ஆசிரியை மாதம் எட்டு வகுப்பு, மிருதங்கமும் தப்புமாக நான்கு வகுப்பு, ஆக 36,000. மத்தியானம் சாப்பிடாமல் நேரே வருகிற பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதால் பிஸ்கட்டுக்கும் தேத்தண்ணிக்கும் மாதம் 6,000. மொத்தம் மாதம் 42,000, இரண்டு வருடத்துக்கு 10,08,000. இதைத் தவிர ஆர்மோனியம், சுருதிப்பெட்டி, இரண்டு மிருதங்கம், பாவித்த சின்ன அளவு வயலின் நான்கு, அலுமாரி மரம், எல்லாம் சேர்த்து 2,92,000. ஆக 13 இலட்சம். பிள்ளைகளிடம் கட்டணம் இல்லை. 1,000 ரூபாய் நாட் சம்பளத்துக்கே எத்தனை வருடம் போராடினோம் என்று தெரிந்த ஊரில் வகுப்புக் காசு வைத்தால், வரவேண்டிய பிள்ளைதான் முதலில் நிற்கும்.

வாத்தியத்துக்குக் காசு வந்துவிடும், அதைப் பற்றி எங்களுக்குக் கவலை இல்லை, கொடுக்கிறவருக்கும் கண்ணுக்குத் தெரிகிற பொருள். எங்களுக்கு வேண்டியது மாதம் 1,000 ரூபாய் வீதம் இரண்டு வருடம் விடாமல் தரக்கூடிய 42 பேர். இருவர் சேர்ந்து 500 ஆகப் போட்டாலும் சரி, ஒரே லயத்தில் பிறந்த நாலு பேர் சேர்ந்து ஒரு பங்கு எடுத்தாலும் சரி. ஒரேயடியாக 24,000 தருகிறவர்கள் தரலாம், அது வங்கியில் கிடந்து மாதா மாதம்தான் எடுக்கப்படும். இடையில் நிறுத்த வேண்டி வந்தால் மூன்று மாதம் முன்னதாக ஒரு வார்த்தை சொல்லுங்கள், வேறு ஆள் பார்த்துக்கொள்வோம், ஒருவரும் கோபித்துக்கொள்ள மாட்டோம். குறைந்தது 30 பேர் சேராமல் வகுப்புத் தொடங்குவதில்லை. மூன்று மாதம் நடத்தி நிறுத்துவது பிள்ளைகளுக்குச் செய்கிற துரோகம், தொடங்காமலே இருந்துவிடலாம். அப்படித் தொடங்க முடியாமல் போனால் வாங்கிய காசு அவரவருக்குத் திரும்ப வரும்.

கணக்கு மூன்று பேர் பெயரில் இருக்கிறது, இருவர் கையெழுத்து இல்லாமல் காசு எடுக்க முடியாது. மாதம் முடிந்ததும் வரவு செலவையும், எத்தனை வகுப்பு நடந்தது, எத்தனை பிள்ளைகள் வந்தார்கள் என்பதையும் பாடசாலை அறிவித்தல் பலகையில் ஒட்டி, அதன் படத்தைப் பங்கு எடுத்தவர்களுக்கு அனுப்புவோம். கழுத்தில் மாலையோடு கொடையாளி படம் எதுவும் வராது, பிள்ளைகளின் முகத்தைப் போட்டுக் காசு கேட்கவும் மாட்டோம்.

வங்கி இலக்கத்தை இதில் போடவில்லை, இந்தக் கடிதம் எங்கெங்கோ சுற்றும், யாராவது இலக்கத்தை மாற்றிப் போட்டுவிட்டால் யாரைப் பிடிப்பது? இதை உங்களுக்கு அனுப்பியவர் நம் தோட்டத்து ஆள்தானே, அவரிடமே பொருளாளரின் நம்பரைக் கேட்டு, அவரோடு ஒரு தடவை பேசிவிட்டுப் போடுங்கள். பேசும்போது நீங்கள் எந்த லயம், யார் வீட்டுப் பிள்ளை என்று சொன்னால் அவருக்கு வேலை சுலபம்.