பெரிய வாய்க்குப் பெரிய தீ வேண்டாம்

மஞ்சக்குப்பம், கடலூர்

அன்பு மகளுக்கு,

உங்கள் இங்கிலாந்து வீட்டுக் கணப்பில், அதுதான் குளிர்காயத் தீ மூட்டும் சுவர் மாடத்தில், அறையைச் சூடாக்க எந்த கேஸ் அடுப்பு வைக்கலாம் என்று கேட்டு நீ அனுப்பிய படத்தை அம்மா பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். "ரெண்டு பேர் உள்ளே உட்காரலாம் போலிருக்கே" என்றாள். உட்காரலாம்தான். அந்த ஊர்ப் பழைய பண்ணை வீடுகளில் சமையலே அதற்குள்தான் நடந்தது. கட்டை விறகுக்காகக் கட்டிய வாய் அது. அதன் அகலத்தைப் பார்த்து கேஸ் அடுப்பு வாங்கிவிடாதே.

பொய் விறகு அடுக்கி மஞ்சளாக எரிகிற திறந்த ரகம் மாப்பிள்ளைக்குப் பிடித்திருக்கிறது என்றாய். அது கண்ணுக்குத்தான். நெய்வேலி பாய்லரில் 30 வருஷம் நின்றவன் சொல்கிறேன், சூடான காற்று சிம்னியைக் கண்டால் நிற்காது. அறையில் இருக்கிற சூட்டையும் கூட்டிக்கொண்டு போய்விடும். கண்ணாடி மூடியது வாங்கு. எரியக் காற்றை வெளியிலிருந்து எடுத்து, புகையையும் வெளியே விடுகிற வகை கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம். கால் வைத்த இரும்பு அடுப்பு வடிவில் வருகிறது. கணப்புக்குள் நிறுத்தினால் பழைய செங்கல்லும் மர உத்திரமும் அப்படியே தெரியும்.

ஹால் 6க்கு 5 மீட்டர், உயரம் 2.4. பெருக்கினால் 72 கன மீட்டர். 14 கன மீட்டருக்கு 1 கிலோவாட் சூடு என்பது பொதுக் கணக்கு, சுமார் 5 கிலோவாட் வருகிறது. கல்சுவர் சூட்டைத் தின்னும், 7 வைத்துக்கொள்.

ஊருக்குள் குழாய் கேஸ் இல்லையென்றால் எல்பிஜிக்கென்றே ஜெட் (கேஸ் பீறி வரும் சின்னத் துளை) போட்ட அடுப்பாகக் கேள். குழாய் கேஸ் அடுப்பில் சிலிண்டரை மாட்டினால் தீ தாறுமாறாக எழும்பிக் கரி பிடிக்கும். எல்பிஜியிலும் புரொப்பேன் சிலிண்டர்தான் வேண்டும், பூட்டேன் 0 டிகிரியில் ஆவியாகாமல் அடம்பிடிக்கும். (மார்கழியிலும் ஃபேன் போடுகிற நமக்கு அந்தக் கவலை ஏது!) கசிந்தால் புரொப்பேன் தரையோடு தேங்கும், அதையும் மறக்காதே.

மாட்டுவதற்கு கேஸ் சேஃப் (கேஸ் வேலைக்காரர்களுக்கான அங்கீகாரப் பட்டியல்) பதிவு உள்ள ஆள்தான் வர வேண்டும், அங்கே அது சட்டம். அதற்கு முன் சிம்னியைத் துடைக்கச் சொல், பறவைக் கூடு இருந்தாலும் இருக்கும். கார்பன் மோனாக்சைடு என்கிற விஷவாயு சேர்ந்தால் கத்துகிற அலாரமும் வை. 2011இல் தானே புயலுக்கப்புறம் கரண்ட் இல்லாத ராத்திரி ஒன்றில் எதிர்வீட்டுக்காரர் ஜெனரேட்டரை உள்ளே ஓட்டிக் கதவைச் சாத்திக்கொண்டார். அந்த வாயுவுக்கு வாசனையே இல்லை, எல்லோருக்கும் தலைவலி, வாந்தி. அம்மா போய்க் கதவை இடித்துத்தான் எழுப்பினாள்.

ஆள் வந்து பார்த்ததும் சிம்னியின் உட்பக்கத்தைப் படமெடுத்து அனுப்பு. பண்ருட்டி முந்திரி 2 கிலோ பார்சலில் வருகிறது.

அப்பா