நான்கு மாதம் தந்தீர்களே, இன்னும் கொஞ்சம் தரக்கூடாதா?

அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். நியூஜெர்சியிலிருந்து ஒரு தகப்பன் எழுதுகிறேன். என் மகளுக்கு வேர்க்கடலை ஆகாது. ஊரில் 'ஆகாது' என்றால் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது என்று நினைப்பார்கள். இவளுக்கு ஒரு வாய் கடலைச் சட்னி போனால் தொண்டை வீங்கி மூச்சு அடைத்துவிடும். அதனால் எபிபென் (அந்த நேரத்தில் தொடையில் குத்தும் அட்ரினலின் ஊசிப் பேனா) இல்லாமல் நாங்கள் தெருமுனைகூடத் தாண்டுவதில்லை.

ஒவ்வொரு ஆகஸ்டிலும் இரண்டு பெட்டி வாங்குவோம். ஒன்று பள்ளி நர்ஸுக்கு, ஒன்று வீட்டுக்கு. பெட்டிக்கு இரண்டு பேனா. இந்த முறை பார்மசியில் தந்த பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். காலாவதிக்கு ஒன்பதே மாதம். பள்ளியாண்டு முடியும்வரைகூடத் தாங்காது. வேறு ஸ்டாக் இல்லை என்றார்கள். இன்சூரன்ஸில் டிடக்டிபிள் (அவர்கள் தரத் தொடங்கும் முன் நாங்களே கட்ட வேண்டிய தொகை) இன்னும் தீரவில்லை, அதனால் முழுப் பணமும் எங்கள் கையிலிருந்துதான்.

விலையைப் பற்றி ஏற்கெனவே நிறையப் பேசியாயிற்று. 2007-இல் எபிபென் மைலான் என்ற மருந்துக் கம்பெனியின் கைக்கு வந்தபோது ஒரு ஜோடி 100 டாலர் அளவில் இருந்தது, 2016-இல் 608 டாலர் ஆனது. காங்கிரஸ் கூப்பிட்டு விசாரித்தது. அப்புறம் ஜெனரிக்கும் (பிராண்டுப் பெயர் இல்லாத அதே மருந்து) வந்தது. சரி. ஆனால் எங்களை வருடாவருடம் மறுபடி கடைக்குத் துரத்துவது அந்தப் பெட்டியில் அச்சடித்த தேதி. அதைத்தான் உங்களிடம் கேட்கிறேன்.

2018-இல் தட்டுப்பாடு வந்தபோது, சில லாட் (ஒரே தொகுப்பாகத் தயாரித்த) எபிபென்களின் தேதியை நான்கு மாதம் நீட்டினீர்கள். கம்பெனி கொடுத்த சோதனை விவரங்களைப் பார்த்துத்தானே நீட்டினீர்கள்? ராணுவக் கிடங்கு மருந்துகளைச் சோதித்துத் தேதியை நீட்டும் திட்டமும் 1986 முதல் இருக்கிறது. சோதிப்பவர்கள் நீங்களே.

அட்ரினலின் சூட்டிலும் வெளிச்சத்திலும் கெடும் மருந்து என்பது தெரியும். தேதியே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கலிஃபோர்னியாவில் தேதி முடிந்த 40 பேனாக்களைச் சோதித்து 2017-இல் வெளியிட்டார்கள். சில நான்கு வருடம் கடந்தவை. ஒன்றில்கூட மருந்து, பேனாவில் குறித்த அளவில் 80 சதவீதத்துக்குக் கீழே இறங்கவில்லை. உங்கள் அளவுகோல் 90 சதவீதம். 24 பேனாக்கள் அதையும் தாண்டின. அப்படியென்றால் கம்பெனிகளை இன்னும் நீண்ட காலத்துக்குச் சோதிக்கச் சொல்லி, தாங்கும் தேதியை அச்சடிக்க வைப்பதில் என்ன தடை? தட்டுப்பாடு வந்தால்தான் நீட்டுவீர்களா?

எங்கள் சமையலறை இழுப்பறையில் தேதி முடிந்த ஆறு பேனாக்கள் கிடக்கின்றன. "தூக்கிப் போட்டுடாதடா, ஆத்திர அவசரத்துக்கு ஆகும்" என்று மதுரையிலிருந்து அம்மா சொன்னதால் வைத்திருக்கிறேன். ஒன்றிரண்டை ஆரஞ்சுப் பழத்தில் குத்தி மகளுக்குப் பழக்கலாம். மீதியைச் சோதித்துப் பார்ப்பதாக இருந்தால் சொல்லுங்கள், தபால் செலவும் என்னுடையது.

இப்படிக்கு,
ஒரு தகப்பன்