ஃபைல மூடி வச்சுட்டு பின்னாடி ரூமுக்கு வாங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பல் க்ளினிக்ல நடக்கிற தர ஆய்வு பத்தி போன இதழ்ல வந்த கட்டுரைய படிச்சேன். யாரும் தொடாத விஷயத்த எடுத்து எழுதினதுக்கு ரொம்ப நன்றி. ஆனா இன்ஸ்பெக்ஷன்ல என்னென்ன பேப்பர் கேப்பாங்கங்கிறது தான் அதுல முக்கால்வாசி இருக்கு, ரிஜிஸ்ட்ரேஷன், எக்ஸ்ரே லைசென்ஸ், மருத்துவக் கழிவு எடுக்கிறவங்களோட ஒப்பந்தம் இப்படி. அதெல்லாம் வேணாம்னு சொல்லல. பல வருஷம் பல் டாக்டர்கிட்ட அசிஸ்டென்ட்டா இருந்து கருவி கழுவி ஆட்டோக்ளேவ் (நீராவி அழுத்தத்துல கருவில இருக்கிற கிருமிய கொல்ற மெஷின்) போட்டவ நான், அந்த அனுபவத்துல சொல்றேன், பேஷன்ட்டுக்கு ஆபத்து வர்றது கருவி கழுவுற அந்த சின்ன ரூம்ல இருந்து தான், ஆய்வுக்கு வர்றவங்க அங்க தான் அதிக நேரம் நிக்கணும்.

ஏன் இவ்ளோ அழுத்தி சொல்றேன்னா, 2023ல திருப்பத்தூர் மாவட்டம் வாணியம்பாடில ஒரு பல் க்ளினிக்ல சிகிச்சை எடுத்தவங்கள்ல 8 பேர் மெலியாய்டோசிஸ்ங்கிற பாக்டீரியா தொற்று மூளைக்குப் போய் இறந்துட்டாங்க. விசாரிச்ச ஆராய்ச்சியாளர்கள் கை காட்டினது ஒரு சலைன் (உப்புத் தண்ணி) பாட்டில. பல் சர்ஜரிக்கு யூஸ் பண்ற கருவியாலயே பாட்டில திறந்து, லூசா மூடி வச்சு, அடுத்தடுத்த ஆளுக்கும் அதையே ஊத்தியிருக்காங்க. அதே மாதிரி அமெரிக்கால டல்சாங்கிற ஊர்ல 2013ல ஒரு டாக்டர்கிட்ட பல் பாத்துக்கிட்ட சுமார் 7000 பேருக்கு ரத்த டெஸ்ட் எடுத்துக்கோங்கன்னு சுகாதாரத் துறை தகவல் அனுப்ப வேண்டியதாச்சு, ஒரு பேஷன்ட்கிட்ட இருந்து இன்னொருத்தருக்கு ஹெபடைட்டிஸ் சிங்கிற கல்லீரல் தொற்று பரவினது அங்க உறுதியும் ஆச்சு. பல்லு தானேன்னு லேசா நினைக்கிறவங்க இத கொஞ்சம் யோசிக்கணும்.

சரி ஆட்டோக்ளேவ் விஷயத்துக்கு வர்றேன். மெஷின் இருக்கா, இருக்கு, டிக் பண்ணிட்டுப் போயிடறாங்க. மெஷின் இருக்கிறது வேற, கருவி ஸ்டெரைல், அதாவது கிருமியே இல்லாம ஆகிறது வேறங்க. மொதல்ல கருவிய நல்லா கழுவியிருக்கணும், ரத்தம் காஞ்சு ஒட்டியிருந்தா அதுக்கு அடில இருக்கிற கிருமிகிட்ட நீராவி போய்ச் சேராது. அப்புறம் டெம்பரேச்சரும் நேரமும், பொதுவா 121 டிகிரின்னா 15 நிமிஷம், 134 டிகிரின்னா 3 நிமிஷமாவது அந்த சூட்டுலயே நிக்கணும், இது சுவிட்ச் போட்டதுல இருந்து எண்ற கணக்கு இல்ல, சூடு ஏறின பிறகு ஆரம்பிக்கிற கணக்கு. உள்ள பவுச்ச (கருவிய போட்டு மூடுற பேப்பர் பைய) திணிச்சு அடைச்சா நீராவி நடுவுல போகாது. அவசரத்துக்கு ஈரத்தோட பவுச்ச வெளிய எடுத்து ட்ரேல வச்சா நனைஞ்ச பேப்பர் வழியா கிருமி திரும்ப உள்ள ஏறிடும். பவுச்ல கலர் மாறுதே, அது சூடு பட்டுச்சுன்னு தான் சொல்லும், கிருமி செத்துச்சான்னு சொல்லாது. அதுக்கு ஸ்போர் டெஸ்ட்னு ஒண்ணு இருக்கு, சூட்டுல லேசுல சாகாத ஒரு பாக்டீரியாவோட விதை மாதிரியான ஸ்போர உள்ள வச்சு ஓட்டிட்டு அது செத்துச்சா இல்லையான்னு பாக்கிறது. வாரத்துக்கு ஒருக்கா பண்ணச் சொல்றாங்க. இன்ஸ்பெக்ஷன்ல மொத கேள்வியே கடைசி ஸ்போர் டெஸ்ட் என்னிக்கு, ரிசல்ட் எங்கன்னு இருக்கணும்னு நான் நினைக்கிறேன்.

இன்னொண்ணு, இத எந்த இன்ஸ்பெக்டரும் பத்து நிமிஷத்துல கண்டுபிடிக்கலாம். அப்பாயின்ட்மென்ட் நோட்டையும் ஆட்டோக்ளேவ் நோட்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. ஒரு க்ளினிக்ல ஹேண்ட்பீஸ் (பல்ல ட்ரில் பண்ண டாக்டர் கைல பிடிக்கிற கருவி) மொத்தம் மூணு தான், அன்னிக்கு ஆட்டோக்ளேவ் நாலு தடவ ஓடியிருக்குன்னு வச்சுக்கோங்க. காலைல ரெடியா இருந்த மூணு, நாலு தடவைல பன்னெண்டு, ஆக பதினஞ்சு பேருக்கு மேல சுத்தமான ஹேண்ட்பீஸ் கிடைக்க வாய்ப்பே இல்ல. ஆனா அன்னிக்கு ட்ரில் பண்ணினது இருபத்தஞ்சு பேருக்குன்னா மீதிப் பேர் வாய்க்குள்ள போனது என்ன? ஸ்பிரிட் போட்டு துடைச்சது தான். ஹேண்ட்பீஸ் உள்ளயே டர்பைன்னு வேகமா சுத்துற ஒரு சக்கரம் இருக்கு, நிறுத்துறப்போ எச்சிலும் ரத்தமும் உள்ள இழுத்துக்கும், வெளிய துடைச்சு என்ன பிரயோஜனம்? நோட்டுல எத்தன கையெழுத்து வேணா போடலாம், ஆனா இந்த ரெண்டு நோட்டும் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப் போற மாதிரி பொய் எழுதறது ரொம்பக் கஷ்டம்.

தண்ணிய யாருமே கேக்கறதில்ல. சேர்ல இருந்து ஹேண்ட்பீஸ்க்கு வர்ற அந்த மெல்லிசான ட்யூபுக்குள்ள வழவழன்னு ஒரு படலம் படியும், ராத்திரி முழுக்க தண்ணி நின்னா இன்னும் மோசம். இத்தாலில 2011ல 82 வயசு அம்மா ஒருத்தங்க தண்ணில வளர்ற லெஜியோனெல்லாங்கிற பாக்டீரியாவால வந்த நிமோனியால இறந்ததுக்கு க்ளினிக்ல வந்த தண்ணி தான் காரணம்னு கண்டுபிடிச்சாங்க. ஒவ்வொரு பேஷன்ட்டுக்கு நடுவுலயும் 20, 30 செகண்ட் தண்ணிய ஓட விடணும், ட்யூபுக்கு மருந்து போடணும், தண்ணிய லேப்ல டெஸ்ட் பண்ணணும்.

மயக்க மருந்து கார்ட்ரிட்ஜ்ல (ஊசில மாட்டுற சின்ன மருந்துக் குழாய்ல) மிச்சம் இருக்குன்னு ஊசிய மட்டும் மாத்தி அடுத்தவருக்குப் போடறது, எமர்ஜென்சி கிட்ல இருக்கிற அட்ரினலினுக்கு தேதி முடிஞ்சு போயிருக்கிறது, ஆக்சிஜன் சிலிண்டர் இருந்தும் திறக்கிற சாவி எங்கன்னு யாருக்கும் தெரியாம இருக்கிறது, இதெல்லாமும் அங்கயே நின்னு செக் பண்ணிடலாம்.

ஒரு சின்ன வேண்டுகோள் அதிகாரிகளுக்கு. டாக்டர் பக்கத்துல இருக்கிறப்போ அசிஸ்டென்ட்கிட்ட கேள்வி கேக்காதீங்க. நான் வேல பாத்த ஒரு இடத்துல அப்படித்தான் கேட்டாங்க, எல்லாம் ஒழுங்கா நடக்குதாம்மான்னு. டாக்டர் பாத்துக்கிட்டு நிக்கிறாரு, சம்பளம் அவர் தான் குடுக்கிறாரு, அந்தப் பொண்ணு என்ன சொல்லுவா? தனியா கூப்பிட்டு, "இந்த ட்ரேய இப்போ எப்படி கழுவுவே, செஞ்சு காட்டு"ன்னு சொல்லுங்க. கை செய்யறதப் பாத்தாலே தினமும் என்ன நடக்குதுன்னு தெரிஞ்சிடும். ஒழுங்கா நடத்துற டாக்டர்கள் எத்தனையோ பேர் இருக்காங்க, ஸ்போர் டெஸ்ட்டுக்கும் எக்ஸ்ட்ரா ஹேண்ட்பீஸ்க்கும் சொந்தக் காசு போடறவங்க. அவங்கள யாரும் கண்டுக்கறதே இல்லங்கிறது தான் எனக்கு ஆதங்கம்.

அதனால அதிகாரிகள் முன்கூட்டியே சொல்லாம வந்து பாக்கணும். பாத்தத, குறை உட்பட, தேதி போட்டு ரிசப்ஷன்ல எல்லாரும் படிக்கிற மாதிரி ஒட்டணும், குறை இருந்த இடத்துக்கு திரும்பவும் வரணும். பேஷன்ட்டும் சேர்ல உக்காந்ததும் "பவுச்ச என் முன்னாடி பிரிங்க"ன்னு தைரியமா கேக்கலாம், நல்ல டாக்டர் யாரும் கோவப்பட மாட்டாங்க. நீங்களும் அடுத்து இது பத்தி எழுதறப்போ, கடைசியா வந்து பாத்தவங்க கருவி கழுவுற ரூமுக்குள்ள எவ்ளோ நேரம் இருந்தாங்கன்னு க்ளினிக்லயும் கேளுங்க, அதிகாரிகள்கிட்டயும் கேளுங்க, ரெண்டு பதிலையும் அப்படியே போடுங்க.

இப்படிக்கு,
முன்னாள் பல் க்ளினிக் அசிஸ்டென்ட், உங்கள் வாசகி